வாழைப்பழம், மங்குஸ்தீன், குவளை: போஸ்டர் கலரில் முதல் படம்

முதல் படத்துக்கு மூன்று பொருள் போதும். சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சிறு சீப்பு, ஒரு மங்குஸ்தீன், வெள்ளை எனாமல் குவளை. மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டும். மங்குஸ்தீன் பருவம் இல்லையா, கத்தரிக்காய் வையுங்கள். அடியில் வெளிர்நீல வெற்றுத்துணி விரியுங்கள். பூப்போட்ட பாத்தேக் துணி இப்போது வேண்டாம், கோடுகளிலேயே பொழுது போய்விடும்.

ஏ4 அளவில் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாள் வாங்குங்கள். மெல்லிய டிராயிங் பிளாக் தாள் ஈரம் பட்டதும் நெளியும். மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், வெள்ளை என நான்கு வண்ணம். சிவப்பில் கவனம் தேவை: ஆரஞ்சு சாயலுள்ள வெர்மிலியனை நீலத்தில் கலந்தால் ஊதா வராது, சேற்றுப் பழுப்புதான் வரும். 10-ஆம் எண் தட்டை பிரஷ், 4-ஆம் எண் உருண்டை பிரஷ், இரண்டு டப்பா தண்ணீர், பழந்துணி. கறுப்பு வாங்கவே வேண்டாம்.

1. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நேர்வெயில் விழாத ஜன்னலோரம் பொருள்களை வையுங்கள். உச்சி வெயில் நேரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் குறைந்து நிழல் சுருங்கிவிடும். அறை விளக்கை அணையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பழத்துக்கு இரண்டு நிழல் விழும்.

2. பென்சிலை அழுத்தாமல் வரையுங்கள். குவளையின் வாய் நீள்வட்டம். அதன் இரு ஓரமும் கூர்மையாக இருக்கக்கூடாது. அடிப்பாகத்தை நேர்கோடாகப் போட்டால் குவளை துணியில் உட்காராது. அங்கேயும் வளைவு வேண்டும், வாயைவிடச் சற்றுக் கூடுதலாக. நிழலின் ஓரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

3. வண்ணம் கெட்டித் தேங்காய்ப்பால் பதத்தில் இருக்கட்டும். துணி, குவளை, பழங்கள் என்று பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு வாருங்கள். தடிப்பாக அப்பினால் காய்ந்தபின் வெடிக்கும்.

4. பெரும்பாலான படங்கள் கெடுவது நிழலில்தான். மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தால் பாசிப்பச்சை வரும். பழுத்த பழம் காயாகத் தெரியும். சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஊதா செய்யுங்கள். ஆறு பங்கு மஞ்சளில் ஒரு பங்குக்கும் குறைவாக அதைச் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள். ஊதாவில் மஞ்சளை ஊற்றத் தொடங்கினால் மஞ்சள் முழுவதும் தீர்ந்துவிடும், நிறமும் தெளியாது. துணியில் விழும் நிழலுக்கு, துணிக்குக் கலந்த அதே நீலத்தில் வெள்ளையைக் குறைத்து ஒரு துளி ஊதா. வெள்ளைக் குவளையின் இருண்ட பக்கம் நீலம் கலந்த சாம்பல். பழத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் தெரியும். அதை விடாமல் பிடியுங்கள், படத்துக்கு உயிர் தருவது அதுதான்.

5. அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே மேலே பூசுங்கள். போஸ்டர் கலர் காய்ந்தாலும் தண்ணீரில் கரையும். ஒரே இடத்தைத் தேய்த்தால் அடிநிறம் கிளம்பி மேல்நிறத்தைக் கலக்கிவிடும். ஓரிரு இழுப்பில் பிரஷை எடுத்துவிடுங்கள். மழை நாளில் மின்விசிறி போடலாம், ஆனால் வண்ணத்தட்டைத் தள்ளி வையுங்கள்.

6. கலக்காத வெள்ளையைக் கடைசியாகத் தொடுங்கள். குவளை விளிம்பில் ஒரு கீற்று, மங்குஸ்தீன் தோலில் ஒரு புள்ளி.

முடித்த படத்தை உடனே பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓர் இரவு காற்றாட வைத்துவிட்டுப் பிறகு உறையில் போடுங்கள்.