பார்த்ததும் ஃபார்மட் வேண்டாம்: போலி ஆன்டிவைரஸை நீக்கும்போது செய்யும் தவறுகள்

சென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர் பக்கம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். இரண்டு பையன்கள் என்னோடு வந்து வேலை கற்றுக்கொள்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவனை மூலக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தனியாக அனுப்பினேன். திரையின் ஓரத்தில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்' என்று ஓயாமல் வருகிறது, பணம் கட்டச் சொல்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கால் மணி நேரத்தில் பையனிடமிருந்து போன். "அண்ணா, போலி ஆன்டிவைரஸ்தான். ஃபார்மட் போட்டுடட்டுமா?"

எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவனாவது கேட்டான். அவன் வயதில் நான் யாரையும் கேட்கவில்லை.

கிராக் மென்பொருள் போடாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். வந்துவிட்ட பிறகு அதில் கை வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கும், வீட்டில் 'அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்' என்று பெயர் வாங்கிய தம்பிகளுக்கும்.

பார்த்ததும் ஃபார்மட் போடுவது

2009. தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா வீட்டிலிருந்தே ஏழு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய விண்டோஸ் எக்ஸ்பியில் 'ஆன்டிவைரஸ் 2009' புகுந்துவிட்டது. பெயரைப் பார்த்து நல்ல மென்பொருள் என்று நம்பியவர்கள் அப்போது ஏராளம். எதைத் திறந்தாலும் எச்சரிக்கை, எங்கே தொட்டாலும் பணம் கேட்கும் பக்கம். டெஸ்க்டாப்பில் இருந்ததையும் மை டாக்குமென்ட்ஸில் இருந்ததையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். போட்டோவெல்லாம் இருக்கிறதா என்று அவருக்குக் காட்டினேன். இருக்கிறது என்றார். ஃபார்மட் போட்டு, விண்டோஸ் ஏற்றி, ஆபீஸ் ஏற்றி, பிரிண்டர் டிரைவர் போட்டு, காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, என் டேலி எங்கே?"

டேலி, அவர் கணக்கு எழுதிய மென்பொருள், தன் கணக்குகளை மை டாக்குமென்ட்ஸில் வைக்கவில்லை. சி டிரைவில் அதற்கென்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டேட்டா, அதற்குள் 10000, 10001 என்று ஐந்து இலக்க எண்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஃபோல்டர். நான் அதுவரை டேலியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அந்த எண்களைப் பார்த்திருந்தாலும் குப்பை என்றுதான் நினைத்திருப்பேன். மாதமோ மார்ச். ஏழு கடைகளின் ஒரு வருடக் கணக்கு போய்விட்டது.

மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். ஃபைல் பெயர்கள் வந்தன, ஒன்றும் திறக்கவில்லை. அந்த இடத்தின் மேலேயே நான் விண்டோஸையும் ஆபீஸையும் எழுதியிருந்தேன். அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. பில் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஏப்ரல் முழுக்க வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், அவர் படிக்கப் படிக்க வவுச்சர்களைத் தட்டிக் கொடுத்தேன். அதற்குள் இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஃபார்மட்டுக்கு அவசியமே இல்லை என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை. அந்தக் காலத்துப் போலி ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஒரே ஒரு எக்ஸிகியூட்டபிள் ஃபைலும், விண்டோஸ் தொடங்கும்போது அதைக் கிளப்பிவிடும் ரெஜிஸ்ட்ரி வரி ஒன்றோ இரண்டோதான். அவசியமானதை மட்டும் கிளப்பும் சேஃப் மோடில் போய் அவற்றை எடுத்துவிட்டு ஸ்கேன் போட்டிருந்தால், அந்த அக்கா அன்று மாலையே கணக்கு எழுத உட்கார்ந்திருப்பார்.

இப்போது இதே தவறின் விலை இன்னும் கூடிவிட்டது. அன்று ஹார்ட் டிஸ்க், கொஞ்சமாவது மீட்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. இன்று எஸ்எஸ்டி. ஃபார்மட் ஆனதும் டிரிம் என்ற கட்டளை காலி இடத்தை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடுகிறது. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாரிடம் கொண்டுபோனாலும் கையை விரிப்பார்கள்.

சரி, ஃபார்மட் போட்டால் பிரச்சினையாவது தீருமா? தீராத வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். எம்.கே.பி. நகரில் ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப்பை யாரோ இரண்டு முறை ஃபார்மட் போட்டிருந்தார்கள். இரண்டு முறையும் அதே எச்சரிக்கைப் பக்கம் திரும்ப வந்தது. காரணம் குரோமில் இருந்த ஒரு எக்ஸ்டென்ஷன். புது விண்டோஸில் அவர் கூகுள் கணக்கில் நுழைந்ததும் சிங்க் வழியாக அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை நீக்கினேன், முடிந்தது.

இன்னொன்று. போலியை ஒழுங்காக நீக்கிய பையன்கள்கூட அடுத்த நிமிடம் இன்டர்நெட் வராததைப் பார்த்துப் பயந்து, வைரஸ் விண்டோஸையே கெடுத்துவிட்டது என்று ஃபார்மட்டுக்குப் போகிறார்கள். பாதி நேரம் அது ப்ராக்ஸி. போலி மென்பொருள் இன்டர்நெட்டைத் தன் வழியாகத் திருப்பி, ப்ராக்ஸி செட்டிங்கில் 127.0.0.1 என்று அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியையே எழுதி வைத்திருக்கும். அது போன பிறகும் அந்த வரி அப்படியே நிற்கும். செட்டிங்ஸில் ப்ராக்ஸியை அணைத்தால் போதும். எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாஸ்வேர்ட் திருடும் நிரல் புகுந்திருந்தாலோ, முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ மணிக்கணக்காகக் கம்ப்யூட்டருக்குள் இருந்திருந்தாலோ நானே போடுவேன். ஆனால் அதற்கு முன் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பேன். டிஸ்க்கைக் கழற்றுவதாக இருந்தால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா, அதைத் திறக்கும் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். 'போட்டோ இருக்கிறதா' என்று கேட்பதைவிட 'இந்தக் கம்ப்யூட்டரில் தினமும் என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் தண்டையார்பேட்டையில் கேட்டிருக்க வேண்டும்.

பிரவுசர் அறிவிப்பை வைரஸ் என்று நினைப்பது

மூலக்கடை வீட்டில் இருந்தது இதுதான். அங்கே எந்த மென்பொருளும் புகவில்லை. படம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது, யாரோ 'அலவ்' கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் பிரபல ஆன்டிவைரஸ் பெயரில் பயமுறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் குரோம் என்றும் தளத்தின் பெயரும் தெரியும், அதை முதலில் படியுங்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அந்தத் தளத்தை எடுத்துவிட்டோம். இரண்டு நிமிட வேலை. பையன் பக்கத்திலேயே நின்று பார்த்தான்.

திரை முழுக்க அடைத்து அலாரம் அடிக்கும் பக்கமும் இதே சாதிதான். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விடவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரையில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பது

மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருக்காது.

ஒன்றை நீக்க மூன்றைப் போடுவது

ஒரு போலியை நீக்க மூன்று ஆன்டிவைரஸை ஏற்றாதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்றைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைப் பார்க்காமல் விடுவது

ஸ்கேன் சுத்தம் என்று சொல்லும், ஆனால் போலி திரும்ப வரும். டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது ஸ்கேன் தொடாமல் விடும் இடங்களின் பட்டியலைத் திறந்தால் சி டிரைவ் முழுவதையுமே யாரோ சேர்த்து வைத்திருப்பார்கள். விண்டோஸை ஆக்டிவேட் செய்கிறேன் என்று வந்த கருவிகள் செய்யும் வேலை பல நேரம் இது. பட்டியலைக் காலி செய்துவிட்டு மறுபடி ஸ்கேன் போடுங்கள்.

நீக்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது

ராயபுரத்தில் ஒரு பெரியவர். போலி எச்சரிக்கையில் இருந்த எண்ணுக்கு அழைத்து, எதிர்முனையில் இருந்தவன் சொன்னபடி, எங்கிருந்தோ கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவன் விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்றிருக்கிறான். நல்ல கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பணம் கொடுத்ததை அவர் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி டீ போட உள்ளே போனபோது மெதுவாகக் கேட்டேன், "ஐயா, யாராவது போன்ல பேசினாங்களா?" அப்புறம்தான் சொன்னார்.

இப்படி இருந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்து எனிடெஸ்க்கை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றாமல், வேறு போனிலிருந்து மாற்றுங்கள். மெயில் கணக்கில் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் உடனே அழைக்கச் சொல்லுங்கள். ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போகும் பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி போட்டிருக்கிறது. அதனால்தான் அவர் போன் பேசி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.