எறிகணை விழும்போது காலாட்படை வீரர் என்ன செய்ய வேண்டும்?

மோர்ட்டாரோ (குண்டை மேல்நோக்கி வீசும் சிறு குழாய்) பீரங்கியோ, சுடுகிறவர் மேட்டுக்கு அந்தப் பக்கம், பல கிலோமீட்டர் தள்ளிக்கூட இருப்பார். துப்பாக்கியால் திருப்பிச் சுட எதிரே ஆள் கிடையாது. பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் "படுத்துவிட்டால் போதும்" என்று நினைக்கிறார்கள். படுப்பது பாதி வேலைதான். அந்த இடத்தை விட்டு வெளியேறுவதுதான் மீதிப் பாதி.

முதலில், கத்துங்கள். யார் காதில் விழுந்தாலும் சரி, பதவி பார்க்காமல் "எறிகணை!" என்று குரல் கொடுக்க வேண்டும். மோர்ட்டார் சுடும்போது தூரத்தில் 'தொப்' என்று கேட்டால், குண்டு வந்து விழச் சில நொடிகள் இருக்கும். பீரங்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகவும் வரும், அதனால் விசில் சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

கத்தியபடியே குப்புற விழுங்கள். 155 மி.மீ. விட்டமுள்ள பீரங்கிக் குண்டின் எடை 40 கிலோவுக்கு மேல். அதில் வெடிமருந்து, வகையைப் பொறுத்து, ஏறக்குறைய 7 முதல் 11 கிலோதான். மீதி பெரும்பாலும் இரும்பு, அதுதான் சில்லுகளாகப் பறக்கிறது. தரையில் வெடிக்கும்போது சில்லுகள் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் சிதறும். நிற்பவர் மாட்டிக்கொள்வார். ஒரு முழ ஆழமுள்ள வாய்க்காலில் படுத்தவருக்குப் பெரும்பாலானவை தலைக்கு மேலே போய்விடும்.

அடர்ந்த காட்டில் மட்டும் கணக்கு மாறும். 1944-இல் ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டில் குண்டுகள் மர உச்சியில் வெடித்து, இரும்பும் மரச் சிராய்களும் மேலிருந்து கொட்டின. அங்கே படுத்தால் முதுகு முழுக்க இலக்கு. வீரர்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது ஓட்டம். முதல் குண்டு தள்ளி விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும் எதிரி சுடுகிறவருக்குத் தூரத்தைத் திருத்திச் சொல்கிறார், அடுத்தடுத்த குண்டுகள் நெருங்கும். முதல் வெடிப்புகள் ஓய்ந்ததுமே குழுத் தலைவர் திசையும் தூரமும் சொல்வார்: "மூன்று மணி, 300 மீட்டர்!" நீங்கள் போய்க்கொண்டிருந்த திசைதான் பன்னிரண்டு மணி; அப்படியென்றால் மூன்று மணி என்பது வலது பக்கம். இடைவெளி விட்டு, எல்லோரும் அதே திசையில் ஓடுங்கள். சிதறி ஓடினால் காயம்பட்டவரைத் தேட முடியாது. கூரை போட்ட உறுதியான பதுங்குகுழிக்குள் இருந்தால் வெளியே வராதீர்கள். கவச வண்டி என்றால் மேல்மூடியைச் சாத்திவிட்டு, நிறுத்தாமல் ஓட்டிச் செல்லுங்கள்.

அப்புறம் தலை எண்ணுங்கள். பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் நம்ப வேண்டாம். பதற்றத்தில் வலி தெரியாது. சில்லு நுழைந்த துளை அரிசி அளவுகூட இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முதுகு என்று உள்ளங்கையை அழுத்தித் தடவி, ஒவ்வொரு முறையும் கையை எடுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் அங்கே அழுத்திப் பிடியுங்கள்; கை கால் என்றால் காயத்துக்கு மேலே ரத்தத்தடுப்புப் பட்டையை இறுக்குங்கள். அதே நேரம் இன்னொருவர் வானொலியில் எத்தனை பேர் காயம், எங்கே இருக்கிறோம், எத்தனை குண்டுகள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று தலைமைக்குச் சொல்லட்டும்.