சீனாவின் சீர்திருத்த அறிவிப்பை எடைபோடுவது எப்படி?

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு பிளீனம், அதாவது குழுவின் முழு உறுப்பினர் கூட்டம், முடிந்த அன்றே இரண்டு வகைக் கட்டுரைகள் வந்துவிடும். ஒன்று ‘வரலாற்றுத் திருப்பம்’ என்னும். மற்றது ‘பழைய கள், புதிய மொந்தை’ என்னும். இரண்டையும் எழுதியவர்கள் பெரும்பாலும் படித்திருப்பது கூட்டறிக்கையை மட்டுமே. அது சுருக்கம், விவரம் அதில் இருக்காது. ஆகவே முதல் வேலை, சில நாள் பொறுப்பது. 2024 ஜூலை 18 அன்று முடிந்த பிளீனத்தின் முழுத் ‘தீர்மானம்’ 21ஆம் தேதிதான் வெளியானது: 60 பகுதிகள், 300க்கு மேற்பட்ட நடவடிக்கைகள், 2029 வரை கெடு. கையில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

எந்தப் பிளீனம் என்பதையும் பாருங்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் மூன்றாவது பிளீனம் பொருளாதாரத்துக்கு உரியது என்பது வழக்கம். 1978, 1993, 2013 ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. ஆனால் 2018இல் மூன்றாவது பிளீனம் பிப்ரவரியிலேயே கூடி, கட்சி, அரசு அமைப்புகளை மாற்றியமைப்பதைப் பேசியது. அடுத்த சுற்றில் 2023 இலையுதிர் காலத்தில் கூடியிருக்க வேண்டியது 2024 கோடைக்குத் தள்ளிப்போனது. வழக்கம் மாறும்போது அந்த மாற்றமே ஒரு செய்தி.

வினைச்சொல்லில் கோடு போடுங்கள்

தீர்மானத்தில் பெயர்ச்சொற்கள் எல்லாம் அழகாகவே இருக்கும்: சந்தை, சட்டத்தின் ஆட்சி, திறப்பு. அவற்றைத் தாண்டி வினைகளைப் பிரித்தெடுங்கள். ‘ஆராய்வோம்’ என்றால் உள்ளே உடன்பாடு இல்லை என்று கொள்ளலாம். ‘நிதானமாக முன்னெடுப்போம்’ என்றால் திசை முடிவாகிவிட்டது, வேகம் முடிவாகவில்லை. எண்ணும் ஆண்டும் சேர்ந்து வந்தால்தான் பின்னாளில் சரிபார்க்க முடியும். அரசு நிறுவன லாபத்தில் 30 விழுக்காடு 2020க்குள் பொது நிதிக்கு வர வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு வாக்கியம் அந்த வகை.

ஓய்வு வயது நல்ல பாடம். 2013 தீர்மானத்தில் அது ‘ஆராய்ந்து கொள்கை வகுப்பது’ என்ற அளவில் இருந்தது. 2024இல் ‘நிதானமாக, ஒழுங்காக முன்னெடுப்பது’ என்றானது. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு முடிவெடுத்தது. ஆண்களுக்கு 60இலிருந்து 63. பெண்களுக்கு வேலையின் வகையைப் பொறுத்து 50இலிருந்து 55, அல்லது 55இலிருந்து 58. 2025 ஜனவரி தொடங்கி 15 ஆண்டுகளில் படிப்படியாக உயரும். ஒரு வினைச்சொல் சட்டமாக 11 ஆண்டு பிடித்தது.

ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. வளங்களைப் பங்கிடுவதில் சந்தைக்குத் ‘தீர்மானகரமான பங்கு’ உண்டு என்று 2013இல் வந்ததை உலகமே கொண்டாடியது. அரசுத் துறையின் தலைமைப் பங்கு தொடரும் என்றும் அதே ஆவணம் சொன்னது. பின்வந்த ஆண்டுகளில் கை ஓங்கியது இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

முன்னோட்டம் பரவுகிறதா?

‘ஷிதியான்’ எனப்படும் முன்னோட்டம் சீனச் சீர்திருத்தத்தின் அடிப்படைக் கருவி. 1978 இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பங்கள் கூட்டுநிலத்தை ரகசியமாகப் பிரித்துக்கொண்டன. விளைச்சல் கூடியது, மேலிடம் கண்டும் காணாமல் இருந்தது, சில ஆண்டுகளில் அதுவே நாட்டின் கொள்கையானது. 1980இல் ஷென்ஜென், ஜூஹாய், ஷான்டோ, ஷியாமென் நான்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாயின. வெற்றி தெரிந்த பிறகே மற்ற கடலோர நகரங்கள் திறக்கப்பட்டன.

முன்னோட்டம் அறிவிக்கப்பட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பரவுகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சொத்து வரி 2011 ஜனவரியில் ஷாங்காய், சோங்சிங் இரண்டு நகரங்களில் தொடங்கியது. 2021 அக்டோபரில் மேலும் சில நகரங்களுக்கு விரிக்க நிலைக்குழு அனுமதி தந்தது. 2022 மார்ச்சில், அந்த ஆண்டு விரிப்பதற்கான சூழல் இல்லை என்று நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. காரணம் வெளிப்படை. வீட்டுச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. நகர அரசுகள் நிலத்தை விற்றுத்தான் செலவை ஓட்டின. அந்த வருவாய் 2021இல் சுமார் 8.7 லட்சம் கோடி யுவானாக இருந்து, 2024இல் 4.9 லட்சம் கோடிக்கும் கீழே போனது. விழுகிற விலை மேல் புதுவரி போட யாருக்கும் துணிவில்லை.

செலவு யார் தலையில்?

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் கேளுங்கள். 1994 வரிப் பங்கீட்டுச் சீர்திருத்தம் நாட்டின் வரவில் மத்திய அரசின் பங்கை 22 விழுக்காட்டிலிருந்து ஒரே ஆண்டில் 55க்கு மேல் கொண்டுபோனது. பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியச் சுமை கீழேயே நின்றது. இன்றும் பொதுச் செலவில் 80 விழுக்காட்டுக்கு மேல் மாகாண, நகர, மாவட்ட அரசுகளின் பொறுப்பு. வரவுக்கும் செலவுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தை நில விற்பனையும் கடனும் நிரப்பின. நிலம் விற்காமல் போனதும் 2024 நவம்பரில் உள்ளூர் அரசுகளின் மறைமுகக் கடனை (அதிகாரப்பூர்வக் கணக்கில் வராத கடனை) மாற்றியமைக்க 10 லட்சம் கோடி யுவான் ஏற்பாடு தேவைப்பட்டது. அது மூச்சுவிட இடம் கொடுத்தது, பள்ளத்தை மூடவில்லை.

இந்தக் கேள்வியை ‘ஹுகோ’ என்ற குடிப்பதிவு முறைக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி போன்ற நகரச் சேவைகளை முழுமையாகப் பெற அந்த நகரத்தின் பதிவு வேண்டும். 2023 இறுதியில் நகரங்களில் வசித்தவர்கள் மக்கள்தொகையில் 66 விழுக்காடு. நகரப் பதிவு பெற்றவர்கள் 48 மட்டுமே. இடைவெளியில் நிற்பவர்கள் ஏறத்தாழ 25 கோடிப் பேர். தளர்த்துவோம் என்ற வாக்கியம் தீர்மானங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குடும்பத்தைப் பதிவில் சேர்த்தால் அந்தப் பிள்ளைகளின் பள்ளி இருக்கைக்கு நகரம்தான் பணம் தேட வேண்டும். மேலிருந்து நிதி வராவிட்டால், நிலையான வேலை, இத்தனை ஆண்டுக் காப்பீட்டுச் சந்தா, சொந்த வீடு என்று நிபந்தனை அடுக்கிப் பெருநகரங்கள் கதவைச் சாத்தியே வைத்திருக்கும்.

அரசியல் சீர்திருத்தத்துக்குத் தனி ஏடு

சீன ஆவணத்தில் ‘அரசியல் அமைப்புச் சீர்திருத்தம்’ என்றால் பல கட்சித் தேர்தல் என்று பொருள் இல்லை. ஆட்சி இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது. 1987இல் 13ஆவது கட்சி மாநாட்டில், அன்று கட்சிக்குத் தலைமை வகித்த ஜாவோ ஜியாங் கட்சியையும் அரசையும் பிரிக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1989 தியானன்மென் போராட்டத்துக்குப் பின் அவர் பதவியும் போனது, திட்டமும் போனது. கிராமத் தேர்தல் 1987இல் சோதனைச் சட்டமாகவும் 1998இல் முழுச் சட்டமாகவும் வந்தது. 1998 இறுதியில் சிச்சுவானின் புயுன் ஊரகத்தில் ஒரு படி மேலே நேரடித் தேர்தல் நடத்திப் பார்த்தார்கள். அது பரவவில்லை.

இப்போது ஓட்டம் எதிர்த்திசையில். 2018 மார்ச்சில் அதிபர் பதவிக்கால வரம்பு நீக்கப்பட்டது: ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. 2023இல் நிதி, அறிவியல் துறைகளுக்கு மேல் கட்சி ஆணையங்கள் அமர்த்தப்பட்டன. 2024இல் பிரதமரின் ஆண்டுச் செய்தியாளர் சந்திப்பு நிறுத்தப்பட்டது. சீனக் கோர்பச்சேவ் எப்போது வருவார் என்று காத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: சோவியத் சரிவைக் கட்சிப் பள்ளிகள் பாடமாகவே நடத்துகின்றன. அப்படியொருவர் மேலே வராமல் பார்ப்பதும் அந்தப் பாடத்தில் அடக்கம்.

எண்ணைத் தொடும் முன்

வரையறை மாறியதா என்று பாருங்கள். 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 விழுக்காட்டைத் தொட்டது. ஆகஸ்டில் வெளியீடு நின்றது. 2024 ஜனவரியில் மாணவர்களைக் கழித்த புதுக் கணக்கு வந்தது: டிசம்பருக்கு 14.9. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து ‘நிலைமை சீரடைந்தது’ என்பவரை நம்ப வேண்டாம். ஐயம் வந்தால் மின்நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றை ஒட்டுமொத்தமாக அழகுபடுத்துவது கடினம்.

2024 தீர்மானத்திலிருந்து ஒரே ஒரு வரியைத் தொடர விரும்பினால் இதைத் தொடருங்கள்: நுகர்வு வரியை (சிகரெட், மது, எரிபொருள், கார் போன்ற சில பொருள்கள் மீதான வரி) வசூலிக்கும் இடத்தை ஆலையிலிருந்து விற்பனைப் பக்கம் நகர்த்தி, வருவாயைப் படிப்படியாக உள்ளூர் அரசுகளுக்கு விடுவது. ஒவ்வொரு மார்ச்சிலும் நிதி அமைச்சகம் வைக்கும் வரவுசெலவு அறிக்கையில் நுகர்வு வரி மத்திய அரசின் வரவுப் பட்டியலில் இருக்கும். உள்ளூர்ப் பட்டியலில் அதற்கென ஒரு வரிசையும் தொகையும் எந்த ஆண்டு முதல்முறையாக வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.