டி.பி.எஃப் விளக்கு எரிந்தால் என்ன செய்வது? பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, அதற்குப் பிறகு புதிதாக வாங்கிய டீசல் கார் என்றால் அதன் சைலன்சர் லைனில் டி.பி.எஃப் என்ற புகை வடிகட்டி இருக்கும். பழைய டீசல் வண்டி ஓட்டிய பழக்கத்தில் ஆயில் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அது பாட்டுக்கு ஓடும் என்று விட்டுவிடாதீர்கள். நல்ல வண்டிகள் வீணாகப் போவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

டி.பி.எஃப் உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் அறைகள் இருக்கும், புகையில் வரும் கரி அங்கே தங்கிவிடும். நிறைய சேர்ந்ததும் வண்டியே கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி, அங்கே சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, கரியை எரித்துவிடும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். வேளச்சேரியிலிருந்து கிண்டி, கிண்டியிலிருந்து வேளச்சேரி என்று டிராஃபிக்கில் ஊர்ந்தே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறவே நேரம் கிடைப்பதில்லை, ஏறினாலும் பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். கரி அப்படியே கிடக்கும். அதைவிட மோசம், பல வண்டிகளில் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து ஆயிலில் கலக்கும்.

அதனால் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறோம், ஏறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், உடனே ஆயிலை மாற்றுங்கள். மெலிந்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்றுவிடும். இன்னும் அதிகமானால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியை எடுத்தாலும் நிற்காமல் கத்தும்.

ரீஜெனரேஷன் நடப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஐடிலிங் ஆர்.பி.எம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடும், மீட்டரில் மைலேஜ் சட்டென்று இறங்கும், சூடான வாடை வரும். அப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாலும் அணைக்காதீர்கள், இன்னும் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். முக்கியமாக, ரோட்டில் கதிர் காயப்போட்டிருக்கும் இடத்திலும் வைக்கோல் மேலும் அந்த நேரத்தில் நிறுத்தவே கூடாது, தீப்பிடிக்கிற அளவுக்கு அடியில் சூடு இருக்கும்.

டி.பி.எஃப் விளக்கு எரிந்தால்? முதலில் டேங்கைப் பாருங்கள், டீசல் ரொம்பக் குறைவாக இருந்தால் பல வண்டிகள் ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. டீசல் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு தாண்டியோ ஈ.சி.ஆரிலோ நிற்காமல் ஓடக்கூடிய ரோட்டுக்குப் போங்கள். அறுபது எழுபது வேகத்தில், ஒரு கியர் குறைத்து, 2000 முதல் 2500 ஆர்.பி.எம்மில் ஓர் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ பிக்கப் செத்துப்போனாலோ மேற்கொண்டு விரட்டாதீர்கள், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு கரியை எரிக்கவிடுங்கள். கூடவே காரணத்தையும் கேளுங்கள். ஒழுகும் இன்ஜெக்டர், அடைத்த ஈ.ஜி.ஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே விடுவது), விரிசல் விட்ட பிரஷர் சென்சார் ஹோஸ், இதில் ஒன்று இருந்தால் எத்தனை தடவை எரித்தாலும் விளக்கு திரும்ப வரும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலிலிருந்து வருவது. அதனால் மேனுவலில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், மெக்கானிக் கையில் இருப்பதை அல்ல. டி.பி.எஃப்பைக் குடைந்து எடுத்து சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அப்படி மாற்ற அனுமதிப்பதில்லை என்பது ஒரு பக்கம், பின்னால் பைக்கில் உட்கார்ந்து வரும் குழந்தையின் மூச்சில் அந்தக் கரி போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சரி, டீசல் ஃபில்டருக்கு வருவோம். இப்போதைய டீசல் கார்களில் இருக்கும் காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும்) டீசல் 1600, 2000 பார் அழுத்தத்தில் போகிறது, ஒரு சொட்டுத் தண்ணீரோ தூசியோ இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, ஃபில்டரின் அடியில் தங்கும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஹேண்ட் பம்ப் இருந்தால் அழுத்திக்கொண்டே, வெறும் டீசல் வரும்வரை விடுங்கள். கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் கீழே தனியாகத் தெரியும். ஸ்க்ரூவைக் கையால் இறுக்கினால் போதும்.

புது ஃபில்டர் மாட்டும்போது கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள், வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும். ஹேண்ட் பம்ப் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் சாவியை ஆன் செய்து சில விநாடி விட்டு அணையுங்கள், நாலைந்து தடவை இப்படி. டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும்போது செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப்தான் தேயும். பழைய வண்டிகளில் செய்வதுபோல இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஏர் ஃபில்டரைத் தூசி ரோட்டில் ஓட்டினால் சீக்கிரமே மாற்றுங்கள், அடைத்தால் கரியும் கூடும். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல்) ஊற்றும் வண்டி என்றால் நீல மூடியைப் பார்த்து ஊற்றுங்கள். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூட ஆன் செய்யாமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.