தரங்கம்பாடி ஆலயத்தில் ஒரு மாயக்கதை எழுதுவது எப்படி?

மிகுபுனைவு, அதாவது மாயக்கதை, எழுதத் தொடங்குகிறவர்கள் பழைய தேவாலயத்தைக் களமாக எடுத்துக்கொண்டதும் வௌவால், நிலவறை, நள்ளிரவு மணியோசை ஆகிய மூன்றும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை வேறொரு நாட்டின் குளிரில் பிறந்த அச்சங்கள். நம் கடற்கரை ஆலயத்துக்குள் நுழைகிறவர் உடம்பில் படிவது உப்புக்காற்று. அந்த உப்பிலிருந்து ஒரு கதையை எழுப்ப முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஓர் ஆலயம், ஒரே ஓர் ஆலயம்

"ஒரு பழைய தேவாலயம்" என்று எழுதாதீர்கள். பெயருள்ள ஒன்றை எடுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது, ஒருகாலத்தில் டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியின் ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயம். சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் முடியும் முத்திரை எழுத்தும், 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. வானைக் குத்தும் ஊசிக்கோபுரம் கிடையாது. இந்த ஆலயத்தைக் கட்டிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு மறு ஆண்டே, 1719-இல் இறந்து, அதற்குள்ளேயே அடக்கமானார். 1707-இல் அவர் எழுப்பிய முதல் ஆலயம் இன்று இல்லை. "புதிய" என்ற சொல் மட்டும் முந்நூறு ஆண்டுகளாகப் பெயரில் நிற்கிறது. இல்லாத பழையதை நினைவூட்டும் அந்தப் பெயரே ஒரு கதைக்கு விதை.

படி 2: அந்தச் சபையின் சொற்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். இது லுத்தரன் ஆலயம், கத்தோலிக்க ஆலயம் அல்ல. இங்கே நடப்பது ஆராதனை, திருப்பலி அல்ல. நடத்துகிறவர் போதகர், மூத்தவர்கள் "ஐயர்" என்றும் சொல்வார்கள். பாடுவது ஞானப்பாட்டும் கீர்த்தனையும். கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டை இங்கே வைத்து ஒரு திருப்பத்தை அமைத்தால், அந்தச் சபையில் வளர்ந்த வாசகர் அந்த வரியோடு உங்களைக் கைவிட்டுவிடுவார். ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். வேறு வழியில்லை.

படி 3: மாயத்தை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள்

கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மந்திரக்கோலும் பூதமும் தேவையில்லை. அந்த ஊரின் வரலாற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். தரங்கம்பாடியில் அப்படி வருவது எழுத்து.

1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். பிறகு அச்சு வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அருமையான காகிதத்தை விழுங்கின. எனவே ஊரிலேயே சிறிய ஈய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பு, 1620-இல், தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்தகட்டில் கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

மணல், ஓலை, ஈயம், பொன். இப்போது ஒரு விதி செய்யலாம்: இந்த ஊரில் ஒரு சொல் எதில் எழுதப்படுகிறதோ, அதன் ஆயுள்தான் அந்தச் சொல்லின் வலிமைக்கும் ஆயுள். மணலில் எழுதிய வாக்கு அலை வரும்வரை பலிக்கும். பொன்னில் எழுதியது யாராலும் மீட்க முடியாதபடி பலிக்கும். ஓலையில் எழுதியதுதான் ஆபத்தானது. சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை கிழியும். ஆகவே "கல" என்று இருப்பதைக் "கல்" என்றும் படிக்கலாம். ஒரே மந்திரம் ஒருவர் வாயில் கலக்கும், இன்னொருவர் வாயில் கல்லாக்கும். இதைக் கற்பனை செய்துவிட முடியாது. சுவடியைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

படி 4: மாயத்துக்கு ஒரு விலை

எதையும் இழக்காமல் எல்லாம் செய்யலாம் என்றால் கதை இரண்டாம் பக்கத்திலேயே தளர்ந்துவிடும். விலையும் அதே மூலத்திலிருந்து வரட்டும். ஈய எழுத்தைப் பயன்படுத்துகிறவர் அந்த எழுத்தை நாவிலிருந்து இழக்கிறார் என்று வையுங்கள். உங்கள் நாயகி ழகரத்தை எடுக்கிறாள். இனி மழை இல்லை, வாழை இல்லை, கிழமை இல்லை. தமிழ் என்று சொல்ல முடியாது. எழுத்து என்றுகூடச் சொல்ல முடியாது. தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமே கிடைக்கும் விலை இது. ஒரு முழு அத்தியாயத்தில் அவள் பேச்சை ழகரமே வராமல் எழுதிப் பாருங்கள். கை எவ்வளவு தவிக்கிறது என்று தெரியும்.

படி 5: தொடக்கூடாதவை

கல்லறையிலிருந்து சீகன்பால்குவை ஆவியாக எழுப்பாதீர்கள். அந்தக் கல்லறையின் அருகே இன்றும் மக்கள் தலை குனிந்து நிற்கிறார்கள். 2004 ஆழிப்பேரலையை உங்கள் வில்லனின் வேலையாக்காதீர்கள். அந்த ஊரில் அன்று பிள்ளைகளை இழந்தவர்கள் இன்னும் அதே கடலைப் பார்த்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். கடல் வேண்டுமென்றால் அதன் பழைய பசியைப் பேசுங்கள். அருகிலேயே இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. ஆலயமும் கோயிலும் ஒரே கடலை அஞ்சி நிற்கும் ஊர் என்பது எந்த அரக்கனையும்விடப் பெரிய செய்தி.

படி 6: முதல் காட்சியைப் பகலில் எழுதுங்கள்

நள்ளிரவு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மக்கள் கலையும் நேரம். கட்டடத்தை வருணிக்க மூன்று வரிக்கு மேல் எடுக்காதீர்கள். நாயகியின் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். அவளுடைய தாத்தா அச்சுக்கோப்பவராக இருந்தவர். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

பீடத்துப் படிக்கல்லின் இடுக்கில் கிடந்த ஈயத்துண்டை எஸ்தர் விரல்நுனியால் நெம்பி எடுத்தாள். வெளியே வேப்பமர நிழலில் தாத்தா காத்திருந்தார்.

"என்னம்மா அது?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் நாக்கின் நுனிவரை வந்து, மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் நின்றது. மீண்டும் முயன்றாள். பிறகு சட்டென்று மண்டியிட்டு மணலில் விரலால் வரையத் தொடங்கினாள். தாத்தா கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினார். அதற்குள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இரைச்சலோடு ஓடிவந்து அந்த மணலைக் கலைத்துவிட்டுப் போனார்கள்.