உரிமைப் பங்குக் கடிதம் வந்தால் செய்யக் கூடாதவை

கைபேசியிலேயே சீ.டீ.எஸ். கணக்கு (வாங்கும் பங்குகளைப் பதிந்து வைக்கும் கணக்கு) திறக்கும் வசதி வந்த பிறகு கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எல்லாப் பக்கமும் புதியவர்கள் பங்கு வாங்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கையிலுள்ள பங்குக்கு உரிமை வழங்கல் (பங்குதாரர்களுக்கே, அவர்கள் வைத்திருக்கும் அளவுக்கேற்ப, புதிய பங்குகளைப் பெரும்பாலும் சந்தை விலையிலும் குறைத்துத் தருவது) அறிவித்துவிட்டால், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளையே இவர்களும் விடுகிறார்கள். படிவத்தில் கையெழுத்து மாறுவது போன்றவற்றைத் தரகர் பார்த்துக்கொள்வார். நான் சொல்வது காசு போகும் பிழைகளை.

தள்ளுபடியை இலாபம் என்று நினைப்பது

100 ரூபாய்க்குப் போகும் பங்கை 70 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்றதும், பங்குக்கு 30 ரூபாய் இலாபம் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டு பங்குக்கு ஒரு புதிய பங்கு என்று வைத்துக்கொள்வோம். பழைய இரண்டும் 200, புதியது 70. அந்த 270 ரூபாய் மூன்று பங்கில் பரவும். ஆகவே உரிமை நீங்கிய நாளில் (அந்த உரிமை இல்லாமல் பங்கு விற்பனையாகத் தொடங்கும் நாளில்) விலை 90 அளவுக்கு இறங்குவதுதான் கணக்கு. காசு கட்டுவதால் மட்டும் இலாபம் வராது.

பிந்தி வாங்குவது

உரிமை நீங்கிய திகதியில் அல்லது அதற்குப் பிறகு வாங்கியவருக்கு உரிமை கிடையாது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அக்கரைப்பற்றில் வயல் செய்கிற ஒருவர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவரிடம் ஒரு கம்பனியின் பங்குகள் இருந்தன. உரிமைக் கடிதம் வந்தபோது கையில் காசில்லை. “முன்மாரி அறுவடைக் காசு வரட்டும், கட்டுவோம்” என்று கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டார். நெல் விற்பதற்கு முன்பே கடைசித் திகதி போய்விட்டது. நட்டம் என்று நான் சொன்னபோது அவர் கேட்டார்: “தம்பி, நான் ஒண்டும் வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. பிறகு எப்படி நட்டம்?”

இப்படித்தான். மேலே சொன்ன கணக்கில் உங்களிடம் 200 பங்கு இருந்தது என்றால் அதன் பெறுமதி 20,000 ரூபாய். உரிமை நீங்கியதும் அது 18,000. குறைந்த 2,000 காணாமல் போகவில்லை, உங்களுக்குக் கிடைத்த 100 உரிமைகளில் இருக்கிறது, ஒன்று 20 ரூபாய்ப்படி. அந்த உரிமைகள் உங்கள் சொத்து. கொழும்பு பங்குச் சந்தையில் சில நாட்களுக்கு அவை தனியாகவே விற்பனையாகும். பங்கின் குறியீட்டில் ‘என்’ (N) வரும் இடத்தில் ‘ஆர்’ (R) என்று இருக்கும். காசில்லாவிட்டால் தரகரைக் கூப்பிட்டு விற்கச் சொன்னால் போதும்.

முழுவதையும் விற்கவும் தேவையில்லை. 78 உரிமையை 20 ரூபாய்ப்படி விற்றால் 1,560 ரூபாய் வரும். தரகுக் கட்டணம் போக மிச்சமாவதில் மற்ற 22 உரிமைக்கும் 70 ரூபாய்ப்படி 1,540 கட்டிவிடலாம். வீட்டுக் காசு ஒரு சதமும் வேண்டாம். சந்தை விலை கூடிக் குறைந்தால் எண்ணிக்கை மாறும், வழி மாறாது.

கட்டாமலும் விற்காமலும் விட்ட பங்குகளை, மேலதிகமாகக் கேட்டு விண்ணப்பித்த மற்றப் பங்குதாரர்கள் அதே 70 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு நட்டஈடு வராது. வயலில் பாடுபட்டுச் சேர்த்த காசை முன்பின் தெரியாத ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பது இது. அதுதான் என்னால் தாங்க முடிவதில்லை.

இன்னொன்று: உரிமை விற்கும் கடைசி நாள், காசு கட்டும் கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கடைசி நாளில் விற்கப் போய்த் திரும்பியவர்களும் உண்டு.

நகையை அடகு வைத்துக் கட்டுவது

வேண்டாம். உரிமையை விற்றுவிடுங்கள்.

காசு எதற்கு என்று பார்க்காதது

வங்கிகள் போதிய மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற பாசல் 3 சர்வதேச விதிகளுக்காக 2017 வாக்கில் நம் நாட்டின் பெரிய வங்கிகள் பல உரிமை வழங்கலுக்குப் போயின. கேட்ட காரணம் எல்லாருக்கும் விளங்கியது. பழைய கடனை அடைக்கக் கேட்கும் கம்பனி வேறு வகை. அதன் வியாபாரம் இனி நிமிருமா என்று பார்க்க வேண்டும். சுற்றறிக்கையில் நிதியின் நோக்கம் என்று ஒரு பகுதி இருக்கும். ஆங்கிலம் கஷ்டமென்றால் மகனையோ மகளையோ வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரிய பங்குதாரர்கள் தங்கள் பங்குக்குக் கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள்.

பழைய முகவரி

வீடு மாறியிருந்தால் சீ.டீ.எஸ். கணக்கிலும் முகவரியை மாற்றுங்கள், இன்றைக்கே.