பேஸ்பால் கையுறைக்கு நீங்களே லேஸ் மாற்றுவது எப்படி?

லேஸ் (கையுறையைக் கட்டி நிறுத்தும் தோல் வார்) அறுந்துவிட்டது என்பதற்காகக் கையுறையைத் தூக்கிப் போட வேண்டாம். தோல் வெடிக்காமல் இருந்தால் முழுக்கப் பிரித்துக் கட்டிவிடலாம். வெப் (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வலைப் பகுதி) அறுந்து தொங்கிய என் கையுறையைக் கட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். சாஃப்ட்பால் கையுறைக்கும் இதே முறைதான், ஓர் இடத்தில் மட்டும் வித்தியாசம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உள்ளங்கைத் தோலையும் புறங்கைத் தோலையும் உட்பக்கம் வெளியே தெரிய வைத்துத் தைப்பார்கள். பிறகு விரல் விரலாகப் புரட்டி, சூடான உலோகக் கை அச்சில் மாட்டி வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே லைனிங், நடுவே ஃபெல்ட் பேட் (அழுத்திய கம்பளி மெத்தை). தையலின் வேலை அத்தோடு சரி. விரல்களைப் பக்கத்துப் பக்கத்தில் பிடித்து நிறுத்துவது, வெப்பை அதன் இடத்தில் கட்டுவது, மணிக்கட்டுப் பக்க அடிப்பகுதியான ஹீலை மூடுவது எல்லாம் லேஸ்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்தெறிபவர்) பில் டோக், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேஸ் பின்னி பந்து உட்கார ஒரு பாக்கெட் அமைத்தார். 1922-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய கையுறைகளும் அந்த வழியில் வந்தவைதான். ஆக, லேஸை எங்கே இறுக்குகிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்பதுதான் கையுறையின் வடிவம்.

தேவையானவை

பெரும்பாலான கையுறைகளுக்கு 3/16 அங்குல அகலத் தோல் லேஸ் சரி. 72 அங்குல நீளத்தில் வரும், முழுக்க மாற்ற நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஷூ லேஸ், நைலான் கயிறு எதுவும் வேண்டாம், தோல் ஓட்டையை அறுத்துவிடும். ஒரு நோஸ் பிளையர், ஒரு குத்தூசி. ஊசி இரண்டு வகை: லேஸின் நுனியைச் செருகித் தள்ளும் ஊசி, ஓட்டைக்குள் நுழைத்து மறுபக்கம் லேஸை மாட்டி இழுக்கும் கம்பி வளையம். நான் கம்பி வளையத்தின் கட்சி. தள்ளும் ஊசி தடித்த பேடுக்குள் வழி மாறிப் போய் நிற்கும், வளையம் போன வழியே திரும்பி வரும்.

பிரிப்பதற்கு முன்

உள்ளங்கைப் பக்கம், புறங்கைப் பக்கம், ஒவ்வொரு விரல் நுனி, வெப்பின் மேல் ஓரம், ஹீலின் இரண்டு முனை என்று எல்லாவற்றையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். முடிச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். எல்லா லேஸையும் ஒரேயடியாக உருவாதீர்கள், ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விரல்களும் வெப்பும்

இவை சுலபம். லேஸின் நுனியைச் சாய்வாக, கூராக வெட்டுங்கள். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, பழைய லேஸ் போன வழியே ஓட்டை ஓட்டையாகக் கொண்டுபோங்கள். வழவழப்பான பக்கம் வெளியே இருக்கட்டும், முறுக்கு விழுந்தால் அப்போதே நேராக்குங்கள். இப்போதைக்கு இறுக்க வேண்டாம்.

ஹீல்

மணிக்கட்டை ஒட்டிய அந்தத் தடித்த அடிப்பகுதி. நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் வரிசையாக ஓட்டைகள், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த லேஸ் உள்ளங்கைத் தோல், பேட், லைனிங், புறங்கைத் தோல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. பழைய லேஸை உருவிய மறுகணம் பேட் துளி நகரும். உடனே வெளி ஓட்டைக்கு நேரே உள் ஓட்டை இருக்காது, கம்பி ஃபெல்ட்டில் முட்டி நிற்கும். பலத்தைக் காட்டித் தள்ளினால் லைனிங் கிழியும்.

அதனால் பழைய லேஸை ஓர் ஓட்டை அளவு மட்டும் வெளியே எடுங்கள், உடனே புது லேஸை அதில் நுழையுங்கள், பிறகு அடுத்த ஓட்டை. ஏற்கெனவே முழுக்க உருவிவிட்டீர்களா? ஒரு கையைக் கையுறைக்குள் விட்டு லைனிங் ஓட்டையை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடியுங்கள். வெளியிலிருந்து குத்தூசியை மெதுவாக விட்டு பேடை நகர்த்தி, இரண்டும் நேராகும்வரை ஆட்டுங்கள். நேரானதும் ஊசி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும், அந்த வித்தியாசம் கைக்கே தெரியும். ஊசியை எடுத்த கையோடு கம்பி வளையத்தை விடுங்கள்.

இறுக்குவது

முடிச்சுப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றின் தொய்வையும் பிளையரால் அடுத்த சுற்றுக்குத் தள்ளிக்கொண்டே கடைசி முனைவரை போங்கள். கடைசி முனையை மட்டும் பிடித்து இழுத்தால் அங்கே மட்டும் இறுகும், நடுவில் தொளதொளவென்று இருக்கும். ஹீலை அளவுக்கு மீறி இறுக்கினால் கையுறை மடங்காது. தோல் விலகாமல் நின்றால் போதும்.

சாஃப்ட்பாலில் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலில் 9 முதல் 9¼ தான். அதனால் சாஃப்ட்பால் கையுறைக்கு வெப் லேஸைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், பந்தைப் பாக்கெட்டில் வைத்துப் பார்த்தே முடிச்சுப் போடுங்கள். புது லேஸ் முதல் சில ஆட்டங்களில் நீளும், மறுபடி இறுக்க வேண்டிவரும் என்பதால் முனையை ஒட்ட வெட்டாதீர்கள்.

எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டுவது, ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்குவது எல்லாம் வேண்டாம். முதலாவதில் பேட் கனத்துப்போகும், இரண்டாவதில் தோல் வறண்டு வெடிக்கும்.

பிறகு சேர்த்தது: இடது கையால் எறிபவர்கள் கையுறையை வலது கையில் போடுவார்கள், அதனால் இணையத்தில் கிடைக்கும் படங்கள் குழப்புகின்றன என்று இதைப் படித்த சிலர் கேட்டிருந்தார்கள். படத்தைப் போனில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், வழி அப்படியே பொருந்தும். ஒரே இடத்தில் புது லேஸும் திரும்பத் திரும்ப அறுகிறது என்றால் லேஸைக் குறை சொல்லாமல் அந்த ஓட்டையைப் பாருங்கள். உலோக வளையம் வைத்த ஓட்டையாக இருந்தால் அதன் விளிம்பு பிளந்து கத்திபோல நிற்கும், அதைத் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் லேஸ் கோக்க வேண்டும்.